ஒரத்துப்பாளையத்து அயலார்

திருப்பூர் என்றதும் எவர்க்கும் நினைவில் எழுவது பனியனே. இப்பகுதியின் பங்குக் குடும்பங்களுள் பின்னலாடைத் தொழிலோடு யாதொரு தொடர்பும் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. தந்தை நிட்டிங்கில், தாய் செக்கிங்கில், மூத்த மகன் டைலராக என்று குடும்பம் முழுவதும் இத்தொழிலை நம்பி வாழ்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆகவே, இத்தொழில் வளர்ந்த காலத்தில் அதன் சுமையைத் தாங்க நேர்ந்த ஒரு சிற்றூரைப் பற்றி அறிந்திருத்தல் நமக்குக் கடமையாகும். அவ்வூரின் பெயர் ஒரத்துப்பாளையம்.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல் ஆறு கோவையையும் திருப்பூரையும் கடந்து, கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. திருப்பூருக்குக் கீழே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் இடைப்பட்ட வறண்ட நிலத்தில் அமைந்தது ஒரத்துப்பாளையம். கிணற்றில் கவலை இறைத்து வெள்ளாமை செய்தும், கொழுக்கட்டைப்புல் வளர்ந்த கொறங்காட்டில் மாடு மேய்த்தும் பிழைத்த உழவர் பெருமக்கள் வாழும் பகுதி இது. பெயர்பெற்ற காங்கேயம் காளைகள் இந்தப் புல்லைத் தின்று வளர்ந்தவையே.

இவ்வாற்றங்கரை தொழிலுக்குப் புதியதன்று. அருகிலுள்ள கொடுமணல் என்னும் ஊர், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று குறிக்கப்பெற்றது. அங்கு நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மணிகள் செய்த பட்டறைகளின் தடயங்களும் வெளிப்பட்டன. மேலைக் கடற்கரையிலிருந்து காவிரிச் சமவெளிக்குச் சென்ற பழைய வணிகப் பெருவழியில் அவ்வூர் இருந்தது. கைத்தொழிலும் கழனியும் ஒரே ஆற்றின் கரையில் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தன என்பதற்கு அந்த மண்மேடே சான்று.

மழை குறைந்த அப்பகுதிக்குப் பாசன வசதி அளிக்கும் நன்னோக்குடன் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை எழுப்பப்பட்டது. 16 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் அது 1992 இல் நிறைவு பெற்றது. ஆயிரம் ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் நீர் தேங்கியது. தலைமுறை தலைமுறையாக வானத்தையே பார்த்திருந்த உழவர் எத்துணை மகிழ்ந்திருப்பர்!

ஆனால் அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அணை எழுந்த அதே ஆண்டுகளில் திருப்பூரின் ஏற்றுமதியும் பெருகிற்று. நொய்யலின் கரைநெடுகச் சலவைப்பட்டறைகளும் சாயப்பட்டறைகளும் பெருகின. அவற்றின் கழிவுநீர் ஆற்றில் இறங்கி அணையில் வந்து தேங்கியது. மழைநீரைச் சேமிக்கக் கட்டிய அணை, சாயக்கழிவின் குட்டையாக மாறிற்று. சில ஆண்டுகளுக்குள், தண்ணீர் வேண்டி அணை கேட்ட உழவர்களே, "மதகைத் திறக்க வேண்டாம்" என்று வேண்டும் நிலை வந்தது. இதைவிடக் கசப்பான மாற்றம் ஓர் ஊருக்கு வேறென்ன நேரக்கூடும்?

இதன் காரணத்தை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பலரும் சாயத்தின் நிறத்தையே குற்றவாளி என்று எண்ணுகின்றனர். நிறம் கண்ணுக்குத் தெரிவது. அதைச் சுண்ணாம்பும் பிற மருந்துகளும் இட்டுப் படியச் செய்து பெரிதும் நீக்கிவிடலாம். உண்மையான பகை உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு ஒரு லிட்டர் சாயநீருக்கு 30 கிராம் முதல் 80 கிராம் வரை உப்பு சேர்ப்பது வழக்கம். சாயம் துணியில் தங்கிவிடும். உப்போ முழுவதும் தண்ணீரோடு வெளியேறும். குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மிகாதிருப்பதே நன்று. வேறு வழியில்லாவிடில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது நம் நாட்டின் தர அளவு. இதனோடு முன்னதை ஒப்பிட்டால் உழவரின் துயரம் விளங்கும். தொடக்கத்தில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தனவேயன்றி உப்பை நீக்கவில்லை. தெளிந்து காணப்பட்ட தண்ணீர் நிலத்தில் இறங்கிக் கிணறுகளை உவர்ப்பாக்கிற்று. மண் இறுகியது, பயிர் கருகியது, சொந்தக் கிணறு இருந்தும் குடிதண்ணீருக்கு வேறிடத்தை நம்ப வேண்டியதாயிற்று.

ஊரார் பழிவாங்க எழவில்லை; முறையீட்டு வழியையே நாடினர். நொய்யல் பாசன உழவர்களின் சங்கம் 2003 இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இழப்பை ஆராய்ந்த ஆணையம் 2004 இல், 28,000க்கும் மேற்பட்ட உழவர்க்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு கணித்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறையைப் பட்டறைகள் கைக்கொள்ள வேண்டுமென உயர்நீதிமன்றம் 2006 இல் தீர்ப்பளித்தது. 2009 இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஆணை முழுமையாக நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

அன்று திருப்பூர் பட்ட பாட்டையும் நாம் மறத்தலாகாது. சாயமின்றித் துணியில்லை, துணியின்றித் தையலில்லை. வாரக்கூலியை நம்பிய தொழிலாளர் பலர் மூட்டை முடிச்சோடு சொந்த ஊர் திரும்பினர். ஆற்றின் மேலே இருந்த ஏழையும் கீழே இருந்த ஏழையும் ஒருவர்க்கொருவர் பகைவர்போல் நிறுத்தப்பட்டனர். எனினும் இருவரும் பகைவரல்லர்; உரிய செலவைச் செய்யாது ஈட்டிய மலிவே இருவர்க்கும் பகை. மலிந்த விலையில் துணி வாங்கிய தூரதேசத்து வணிகரும், அதை உடுத்தியோரும் அந்த மலிவில் பங்குடையோரே.

பின்னர் அரசு அதே ஆண்டில் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனாக வழங்க, சவ்வு வழியே நீரைப் பிரித்தும், எஞ்சியதைக் காய்ச்சி உப்பை மீட்டும் திரும்பப் பயன்படுத்தும் நிலையங்கள் செம்மை பெற்றன. பட்டறைகள் படிப்படியாக இயங்கலாயின. முடியாதது என்று சொல்லப்பட்டது முடிந்தது. இதற்காகத் தொழில் முனைவோர் பெருஞ்செலவு செய்துள்ளனர். அதைப் பாராட்டுதல் முறை. எனினும் மழைவெள்ளத்தின் மறைவில் சிலர் கழிவைத் திறந்து விடுவதாக உழவர் இன்றும் முறையிடுகின்றனர். ஏறிய உப்பு மண்ணைவிட்டு எளிதில் இறங்குவதுமில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட சுற்றுமடலில், பூமியின் துன்பத்தையும் ஏழையின் துன்பத்தையும் வெவ்வேறாகக் கருதலாகாது என்று உணர்த்தினார். அதன் பொருளை நமக்கு விளக்க ஒரத்துப்பாளையம் ஒன்றே போதும். தன் அயலான் யாரென்று நம் ஆண்டவரிடம் கேட்ட சட்ட அறிஞருக்கு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் கதை விடையாகக் கிடைத்தது. ஆற்றங்கரையில் வாழும் நமக்கு விடை இன்னும் எளிது. நாம் விடும் தண்ணீர் எவர் கிணற்றைச் சேர்கிறதோ, அவரே நம் அயலார்.

ஆகவே அன்பர்களே, பட்டறை நடத்துவோர் மழை இரவிலும் தம் குழாயை மூடியே வைப்பாராக. அங்கு வேலை செய்வோர், கழிவு எங்கே போகிறது என்று கேட்கும் துணிவு கொள்வாராக. அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக எவரும் வேலை இழவாதபடி முதலாளிமார் காப்பாராக. தொழிலுடன் தொடர்பில்லாதோரும், வீட்டுச் சாக்கடையும் குப்பையும் இதே நொய்யலில் சேர்வதை எண்ணுவாராக. பெற்றோர் தம் பிள்ளைகளை ஒருநாள் அணைக்கட்டுக்கு அழைத்துச் சென்று, அவ்வூர்ப் பெரியோருடன் பேசச் செய்தால் அது சிறந்த ஞாயிறு வகுப்பாகும். நம் உணவு தூய்மையாயிருக்க வேண்டுமெனில், அதை ஈட்டித்தரும் தண்ணீர் கீழூரை அடையும்போதும் தூய்மையாயிருத்தல் வேண்டும்.