மூச்சு விட இடம் கொடு, கண்ணா!

பிள்ளையை வயலின் வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காரில் காத்திருக்கும் பெற்றோர் நம் சங்கத்தில் பலர் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். அவர்களுக்காகவே இந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

என் மகனுக்குப் பதினாறு வயது. மேற்கத்திய முறையில் ஒன்பது ஆண்டுகளாகக் கற்று வருகிறான். சென்ற ஆண்டு அவன் ஆசிரியை, "நீயே ஒரு கான்செர்ட்டோ எழுதிப் பாரேன்" என்று சொல்லிவிட்டார். தனி வாத்தியம் ஒன்று முழு இசைக்குழுவோடு உரையாடுவது போன்ற படைப்பே கான்செர்ட்டோ. பெரும்பாலும் விரைவு, நிதானம், மீண்டும் விரைவு என மூன்று பகுதிகள் இருக்கும். முதல் பகுதிக்கே கரு கிடைக்காமல் பையன் தவித்தான்.

கோடை விடுமுறையில் திருப்பதியில் உள்ள என் தாயார் வீட்டுக்குப் போனோம். அலிபிரியிலிருந்து படியேறித் திருமலை சேர்ந்தோம். மறுநாள் தர்மகிரி வேத பாடசாலைப் பக்கம் நடந்தபோது மாணவர்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். பையன் அப்படியே நின்றுவிட்டான். "அப்பா, மூணே ஸ்வரம்தான் கேக்குது. ஆனா அலுக்கவே இல்லையே!" என்றான். கரு கிடைத்துவிட்டது.

இந்த வழியில் முன்பே நடந்தவர் உண்டு என்று அவனுக்குச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு சென்னை வந்தவர் எல். சுப்பிரமணியம். மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர், தந்தை வி. லட்சுமிநாராயண ஐயரிடம் வயலின் கற்றவர். பிறகு கலிபோர்னியாவில் மேற்கத்திய இசையும் பயின்றார். அவர் எழுதிய 'ஃபேன்டசி ஆன் வேதிக் சான்ட்ஸ்' 1985-இல் ஜூபின் மேத்தா நடத்த, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு அரங்கேறியது.

வயலினே நம்மிடம் வந்து சேர்ந்த கருவிதானே! முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி (1786–1858) ஐரோப்பியரிடம் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். அண்ணன் முதல் கிருதி பாடிய திருத்தணியோ, 1960 வரை சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது.

பையன் மூன்று வாரம் எழுதினான். ஒரு மாலை, வீட்டுக் கூடத்தில் அரங்கேற்றம். இசைக்குழுவுக்குப் பதில் கீபோர்டில் பதிவு செய்த ஒலி. கேட்டவர்கள் என் தாயார், மனைவி, நான், அண்டை வீட்டில் இருக்கும் வேதம் கற்ற பெரியவர். முடிந்ததும் நாங்கள் கை தட்டினோம். பெரியவர் தட்டவில்லை.

"அனுதாத்தம் கீழே, உதாத்தம் நடுவிலே, ஸ்வரிதம் மேலே. நீ இறங்க வேண்டிய இடத்திலே ஏறிட்டியே, குழந்தே. ஸ்வரம் மாறினா அர்த்தமே மாறிப் போகும். இந்திரனைக் கொல்லப் பிள்ளை வேணும்னு யாகம் பண்ணினான் துவஷ்டா. ஸ்வரம் பிசகினதாலே, பிறந்த பிள்ளை இந்திரன் கையாலேயே செத்தான்" என்றார்.

"எனக்கு ஸ்வரமெல்லாம் தெரியாது. ஆனா மூச்சு விட இடமே வைக்கலையேடா, கண்ணா!" என்றார் என் தாயார்.

பையன் முகம் சுருங்கிவிட்டது. "நான் வேதம் ஓதலை, மியூசிக் எழுதறேன்" என்று சொல்லி வயலினைப் பெட்டியில் வைத்து மூடினான். இரண்டு நாள் திறக்கவில்லை. கை தட்டியதோடு நிறுத்திய எனக்கும் குற்ற உணர்வுதான். குறை சொல்ல மனம் வராத அப்பாவின் பாராட்டால் அவனுக்கு என்ன பயன்?

மூன்றாம் நாள் மொட்டை மாடியில் அவனிடம் இரண்டு கதைகள் சொன்னேன். மெண்டல்சன் தம் வயலின் கான்செர்ட்டோவைப் பற்றி நண்பர் ஃபெர்டினாண்ட் டேவிட்டுக்கு 1838-இலேயே எழுதினார். முடித்தது 1844-இல். அதற்கிடையே அந்த வயலின் கலைஞரிடம் எத்தனையோ யோசனை கேட்டுத் திருத்தினார். மறு ஆண்டு டேவிட்டே அதை அரங்கேற்றினார். பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோ 1806-இல் அரங்கேறியும் பல ஆண்டுகள் அரிதாகவே வாசிக்கப்பட்டது. 1844-இல் லண்டனில் யோவாகிம் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் வாசித்த பிறகே அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. முன்னவர் பிறர் சொல்லைக் கேட்டுத் திருத்தினார். பின்னவர் படைப்பு காத்திருந்து வென்றது. எந்தக் குறையை ஏற்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டியவன் படைப்பவன்தான்.

அவன் பதில் சொல்லவில்லை. மறுநாள் பெரியவர் வீட்டுத் திண்ணையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தான்.

ஊர் திரும்பிய பின் திருத்தியதைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பினான். தொடக்கத்தில் ஸ்வரங்கள் பெரியவர் சொன்னபடியே இருந்தன. நடுவில் இசைக்குழு முழுவதும் ஓய்ந்து, சுருதி மட்டும் நிற்க, வயலின் தனியே பேசியது. முடிவை மட்டும் தன் விருப்பப்படியே வைத்துக்கொண்டான்.

என் தாயார், "இப்பத்தான் மூச்சு விடுது" என்றாராம். பெரியவர் குறையும் சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. "இன்னொரு தரம் போடும்மா" என்று மட்டும் கேட்டாராம்.

அதைக் கேட்டதும் பையன் முகத்தில் வந்த மகிழ்ச்சி, அன்று நாங்கள் தட்டிய கைத்தட்டலுக்கு வரவில்லை. பெற்றோரே, நம் பிள்ளைகளுக்குக் கை தட்டுவோம். கூடவே, உள்ளதை உள்ளபடி சொல்லும் இரண்டு காதுகளையும் தேடிக் கொடுப்போம்.