தேன்சிட்டுகளும் கிராவல் பாதையும்

அறக்கொடைப் பயணம் என்பது, ஒருவர் ஒரு கடினமான தொலைவைத் தம் உடலுழைப்பால் கடக்க முன்வர, அவருடைய உற்றாரும் நண்பர்களும் அந்த உழைப்பை மதித்து ஒரு நற்பணிக்குப் பணம் தரும் ஏற்பாடு. பழனிக்கு நேர்ந்துகொண்டு பாதயாத்திரை செல்லும் தமிழருக்கு இதன் உட்பொருள் புதிதன்று. உடலின் வருத்தமே காணிக்கையாகும் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது. அங்கே நேர்த்திக்கடனின் பயன் தம் குடும்பத்துக்கு உரியது. இங்கே அது முகமறியாத ஒருவரைச் சென்று சேர்கிறது. பாலஸ்தீன மக்களுக்குத் தோழமை தெரிவித்து உலகின் பல நாடுகளில் நடந்துவரும் மிதிவண்டிப் பயணங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றின் பொருளையும், சேர்வராயன் மலை போன்ற நிலத்தில் அவை எவ்வாறு அமையக்கூடும் என்பதையும் விளங்கிக்கொள்ள, முதலில் வண்டியையும் பாதையையும் அறிவது நலம்.

தமிழ்நாட்டில் ‘கிராவல்’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. வீட்டு மனையில் நான்கு லோடு கிராவல் அடிப்பதும், ஊராட்சி கிராவல் ரோடு போடுவதும் அன்றாட வழக்கு. அந்தச் சரளைப் பாதைக்கென்றே உருவானது கிராவல் பைக். வளைந்த கைப்பிடியுடன் பார்வைக்குப் பந்தய சைக்கிள் போலவே இருந்தாலும், அதன் டயர் 40 மில்லிமீட்டர் அளவுக்கு அகன்றது. தார்ச்சாலைப் பந்தய வண்டிக்கு 28 மில்லிமீட்டர் டயரே போதும். அகன்ற டயரில் காற்றைக் குறைத்து அடைக்க முடிவதால், சிறு கற்களின் மேல் சக்கரம் துள்ளாமல் அவற்றை உள்வாங்கிக்கொண்டு மண்ணைப் பற்றி உருள்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்னும் ஊரில் 2006இல் தொடங்கிய நெடும்பந்தயம் இவ்விளையாட்டைப் பரவலாக்கியது. 2022இல் இத்தாலியில் இதன் முதல் உலக வாகையர் போட்டி நடைபெற்றது.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்க, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் சேர்வராயன் மலைமேல் அமைந்த ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் மலைப்பாதை ஒன்று. குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏறும் பாதை மற்றொன்று. மேலே, காபித் தோட்டங்களையும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களையும் தொட்டுச் செல்லும் லூப் ரோடு என்ற வட்டச்சாலையிலிருந்து எஸ்டேட்டுகளுக்குள் மண்பாதைகள் பிரிகின்றன. பாக்சைட் கனிமம் கிடைக்கும் செம்புறை மண் இம்மலையின் மேற்பரப்பில் பரவியிருப்பதால், கோடையில் இப்பாதைகள் இறுகிச் செங்கல் நிறத்தில் புழுதி எழுப்பும், மழைக்காலத்தில் வழுக்கும்.

இந்த ஏற்றத்தின் விலையைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஆளும் வண்டியுமாக 80 கிலோ எடையை 1,200 மீட்டர் உயர்த்துவதற்கு, தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைக்கூட முழுமையாக மிதியில் செலுத்த இயலாததால், சுமார் 1,000 கிலோகலோரி உணவாக உள்ளே செல்ல வேண்டும். இரு கால் உடையவர் மிதிக்கும்போது ஒரு கால் கீழே அழுத்த, மற்றது அடுத்த அழுத்தத்துக்கு மேலெழுகிறது. ஒற்றைக் காலால் மிதிப்பவருக்கு அந்த மறு அழுத்தம் இல்லை. மிதியோடு பிணைக்கப்பட்ட பாதத்தை, கீழே சென்ற பின் அவரே மேல்நோக்கி இழுத்தாக வேண்டும். இவ்வாறு மிதிக்கக் கற்றுக்கொண்ட ஒருவரே பாலஸ்தீனத் தோழமைப் பயணங்கள் பலவற்றின் பின்னணியில் நிற்கிறார்.

அலா அல்-தாலி காசாவைச் சேர்ந்த பந்தய வீரர். 2018இல் ஜகார்த்தாவில் நடக்கவிருந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகப் பயிற்சி பெற்றுவந்தவர். அவ்வாண்டு மார்ச் 30 அன்று, அகதிகளாக்கப்பட்டோர் தம் ஊர்களுக்குத் திரும்பும் உரிமையைக் கோரி காசா எல்லையில் தொடங்கிய பெருந்திரள் பேரணியில் இஸ்ரேலியப் படையினரால் காலில் சுடப்பட்டார். அந்தக் கால் அகற்றப்பட்டது. ஐந்து வாரங்கள் கழித்து, மே 4 அன்று, உலகின் புகழ்பெற்ற மூன்று பெரும் சைக்கிள் பந்தயங்களுள் ஒன்றான ஜிரோ டி இத்தாலியா அவ்வாண்டு எருசலேமில் தொடங்கியது. ஒரே நிலப்பரப்பில் ஒருவர் காலை இழக்க, மற்றவர்கள் பந்தயம் ஓட்டிய இந்த அண்மை, சைக்கிளும் அரசியலும் வேறுவேறு என்ற வாதத்தை வலுவிழக்கச் செய்கிறது.

அலா 2020இல் கரீம் அலி என்பவருடன் சேர்ந்து ‘காசா சன்பேர்ட்ஸ்’ என்ற மாற்றுத்திறனாளிகள் சைக்கிள் அணியைத் தொடங்கினார். சன்பேர்ட் என்பது தேன்சிட்டு. பாலஸ்தீனத் தேன்சிட்டு அந்நாட்டின் தேசியப் பறவை. ஏற்காட்டுத் தோட்டங்களில் பூவுக்குப் பூ தாவும் ஊதாத் தேன்சிட்டும் அதுவும் அறிவியல் வகைப்பாட்டில் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டதையும் பலர் பிணைக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டதையும் தொடர்ந்து மூண்ட போரில் காசா பேரழிவுக்கு உள்ளானபோது, இந்த அணியினர் பயிற்சியை நிறுத்திவிட்டு உணவும் பிற நிவாரணப் பொருள்களும் வழங்கும் பணியில் இறங்கினர். காசாவிலிருந்து வெளியேறிய அலா, 2024 செப்டம்பரில் சூரிச்சில் நடந்த பாரா சைக்கிளிங் உலக வாகையர் போட்டியில் பாலஸ்தீனத்தின் சார்பில் ஓட்டினார். அணியின் மற்றொரு வீரரான அகமது அல்-தாலி 2025 மே மாதம் இஸ்ரேலியத் தாக்குதலில் கொல்லப்பட்டார்.

தோழமைப் பயணங்களுள் நெடுநாள் தொடர்ச்சி உடையது பிரிட்டனின் ‘பிக் ரைட் ஃபார் பாலஸ்டைன்’. 2014ஆம் ஆண்டுப் போரில் காசாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததை நினைவுகூர்ந்து 2015இல் எடின்பரோவிலிருந்து லண்டன் வரை தொடங்கிய அது, திரட்டும் நிதியைக் காசாக் குழந்தைகளுக்கான பணிகளுக்கு அளித்துவருகிறது. தோழமைக்கு வேறொரு வடிவமும் உண்டு. 2025இல் ஸ்பெயின் நாட்டுப் பெரும்பந்தயமான வுவெல்டாவில் இஸ்ரேல் பெயர் தாங்கிய அணி பங்கேற்றதை எதிர்த்து மக்கள் சாலைகளை மறித்ததால், செப்டம்பர் 14 அன்று மாட்ரிட்டில் நடந்த இறுதிக் கட்டம் பாதியிலேயே கைவிடப்பட்டது. ஒன்று சக்கரத்தை நிறுத்தித் தன் எதிர்ப்பைச் சொன்னது. மற்றது சக்கரத்தை உருட்டித் தன் பரிவைச் சொல்கிறது.

இந்தியாவுக்கும் இதில் பழைய உறவு உண்டு. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை 1974இல் அங்கீகரித்த முதல் அரபு அல்லாத நாடு இந்தியா. 1981இல் பாலஸ்தீன மக்களுக்கு ஆதரவாக அஞ்சல் தலை வெளியிட்ட இந்தியா, 1988இல் பாலஸ்தீனத்தைத் தனி நாடாகவும் ஏற்றது. பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. முகமைக்கு இந்திய அரசு ஆண்டுதோறும் 50 லட்சம் டாலர் வழங்கிவந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2025 அக்டோபரில் சென்னையில் நடந்த காசா ஆதரவு ஆர்ப்பாட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். ஆகவே, இப்படியொரு பயணம் நம் மண்ணுக்கு அந்நியமான செயலாக இராது.

எனினும் பணத்தின் பாதை மலைப்பாதையைவிட வளைவுகள் நிறைந்தது. இந்தியாவில் வசிக்கும் தனிநபர், ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரையிலான மொத்த வரம்புக்குள் வெளிநாட்டு நன்கொடையும் அனுப்பலாம். ஆனால் அதற்கு வருமான வரிச் சலுகை கிடைக்காது. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை ஒன்று தன் வருமானத்தை நாட்டுக்கு வெளியே செலவிட வேண்டுமானால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் தேவை. எனவே ஒரு குழு பணத்தைத் திரட்டி மொத்தமாக அனுப்புவதைவிட, ஆதரவாளர் ஒவ்வொருவரும் தாம் நம்பும் நிவாரண அமைப்புக்குத் தம் வங்கி வழியாக நேரடியாக அனுப்பி, ரசீதைக் காட்டுவது நேர்மையான வழி. காவல் துறையின் அனுமதியும், காப்புக்காட்டு எல்லைக்கு வனத்துறையின் அனுமதியும், எஸ்டேட் பாதைக்கு உரிமையாளரின் இசைவும் முன்கூட்டியே பெற வேண்டியவை.

நாளைத் தேர்வதிலும் பொருள் இருக்கிறது. நவம்பர் 29, ஐ.நா. அறிவித்த பாலஸ்தீன மக்கள் தோழமை நாள். ஆனால் அது சேர்வராயன் மலையில் வடகிழக்குப் பருவமழைக் காலம், காபிப் பழம் பறிக்கும் பருவமும்கூட. கலிலேயாவில் நடந்த நிலப் பறிப்பை எதிர்த்து 1976இல் போராடியவர்களுள் ஆறு பேர் கொல்லப்பட்டதை நினைவுகூரும் நில நாளான மார்ச் 30, அலா சுடப்பட்ட நாளும் ஆகும். அப்போது மலையின் கிராவல் பாதைகள் இறுகியிருக்கும். கோடை மழை ஒன்று பெய்திருந்தால் காபிச் செடிகள் வெண்பூக்களால் நிறைந்திருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2025 அக்டோபரில் வெளியிட்ட கணக்கின்படி, காசாவில் வாழ்க்கையையே புரட்டிப்போடும் காயம் அடைந்தோர் ஏறத்தாழ 42,000 பேர். கை கால் அகற்றப்பட்டோர் 5,000க்கும் மேற்பட்டவர்கள். அத்தகைய காயம்பட்டோரில் நான்கில் ஒரு பங்கினர் குழந்தைகள். குழந்தைக்குப் பொருத்தப்படும் செயற்கைக் கால், குழந்தை வளர வளர மீண்டும் மீண்டும் மாற்றப்பட வேண்டியது. ஒருமுறை தந்த கொடை ஒரு காலணி சிறிதாகிப்போவதுபோல் போதாமற்போகும். ஆகையால் சேர்வராயன் மலையில் இப்பயணத்தைத் தொடங்க நினைப்போர், பாதயாத்திரைக்காரர்கள் ஆண்டுதோறும் தவறாமல் பழனிக்குப் புறப்படுவதுபோல், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் ஏறுவோம் என்ற உறுதியுடன் முதல் வளைவில் கால் வைக்க வேண்டும்.