ஹெரால்டு காரின் முன்சக்கரமும் சேசிஸ் எண்ணும்

சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் இயங்கிவந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் வெளிவரத் தொடங்கிய ஹெரால்டு கார்களில் சில, இன்றும் ஏதோ ஒரு வீட்டின் பின்புறக் கொட்டகையிலோ தென்னந்தோப்பின் ஓரத்திலோ தார்ப்பாய் போர்த்தி, டயர்கள் மண்ணில் புதைய, முன்சக்கரங்களுள் ஒன்று சாய்ந்து மடங்கியபடி நின்றுகொண்டிருக்கின்றன. பாட்டனார் ஓட்டிய வண்டி என்ற பாசத்தாலோ, பழம்பொருள்களின் மேல் கொண்ட பற்றாலோ அவற்றை மீட்டெடுக்க முன்வருகிறவர்கள் இருப்பது மெய்யாகவே சந்தோஷத்துக்குரிய விஷயம். ஆனால் அவர்களுள் அநேகர் கையிலுள்ள பணத்தை முதலில் டிங்கரிங்கிலும் பெயிண்டிலும் செலவழித்துவிட்டு, சாய்ந்த சக்கரத்தையும் கரையான் தின்ற ஆர்.சி. புத்தகத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கிறார்கள். உயிருக்கு நேரக்கூடிய அபாயம் அந்தச் சக்கரத்திலும், உடைமைக்கு நேரக்கூடிய அபாயம் அந்தப் புத்தகத்திலுள்ள எண்ணிலும் அடங்கியிருக்கையில், இந்த வரிசை முற்றிலும் தலைகீழானது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

இந்தக் காரின் அமைப்பு அதன் பிறப்பிலேயே ஒரு விசேஷம் கொண்டது. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-டிரயம்ஃப் நிறுவனத்தார், இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உருவத்தில் 1959இல் இதை வெளியிட்டபோது, மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் உடலும் சட்டமும் ஒன்றேயான கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஆனால் தங்களுக்குக் கார்க் கூடு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டதன் காரணமாக, ஹெரால்டைத் தனிச் சேசிஸின்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இணைக்கும் முறையிலேயே உருவாக்கினார்கள். கதவு, மட்கார்டு, போனட் யாவும் கழற்றி மாட்டக்கூடியவை. மாறாமல் நிலைத்திருக்கவேண்டியது கீழேயுள்ள சேசிஸ் ஒன்றே. முன்சக்கரங்களைத் தாங்கும் உறுப்புகள் அத்தனையும் அந்தச் சேசிஸின் முன்முனையில் பொருந்தியிருப்பதால், அங்கே ஏற்படும் சேதமும் அதற்குச் செய்யப்படும் பழுதும் இயந்திர விஷயமாக மட்டும் நின்றுவிடாமல், வண்டியின் அடையாளத்தையே தொட்டுவிடுகின்றன.

முன்சக்கரத்தின் கதையைக் கவனிப்போம். சக்கரத்தை ஏந்தி நிற்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் மேல்முனை ஒரு பால் ஜாயின்ட்டில் முடிகிறது. கீழ்முனையில் மரை வெட்டப்பட்டு, ட்ரன்னியன் என்று மெக்கானிக்குகள் சொல்லும் வெண்கலத் துண்டுக்குள், போல்ட் நட்டுக்குள் திருகியிருப்பதைப் போலத் திருகி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை வெண்கல மரைக்குள் சுழலவேண்டும். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுக்கத் திரும்பிவிடும் ஆற்றல் இக்காருக்கு உண்டு என்பதால், அச்சுழற்சியும் சாமானியமானதல்ல. தயாரிப்பாளர் இந்த மரைக்குப் பரிந்துரைத்தது 90 எண் கியர் ஆயில்; நம் பட்டறைகளில் பழக்கத்தால் செலுத்தப்பட்டதோ கிரீஸ். நாளடைவில் காய்ந்து கெட்டிப்படும் கிரீஸ் மரையின் அடிவரை இறங்குவதில்லை. அதனால் மழைநீர் உள்ளே தங்கி எஃகை அரிக்கிறது, அரித்த குழியில் விரிசல் பிறக்கிறது, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்க, காரின் முன்மூலை தரையில் அமர்ந்துவிடுகிறது. வண்டியை மெதுவாக நிறுத்துகிற சமயத்தில், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது இது நேர்ந்தால் பாக்கியம்; நெடுஞ்சாலை வேகத்தில் நேர்ந்தால் என்னவாகும் என்பதை விவரிக்கவேண்டியதில்லை.

ஆகையால், சாய்ந்த சக்கரத்தைக் காட்டி, "சின்ன வேலைதான் சார், ஒரு பார்ட் மாத்தினா ஓடிரும்" என்று விற்பவர் சொல்லும் வார்த்தையை அப்படியே ஏற்காமல், முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டுகளில் உறுதியாக நிறுத்திய பிறகு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப்பார்ப்பது அவசியம். ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டவேண்டும். ஆட்டம் மறைந்தால் குற்றம் வீல் பேரிங்கில், மறையாவிட்டால் ட்ரன்னியனிலோ பால் ஜாயின்ட்டிலோ. அதன்பின் சேசிஸின் இருபுறத்திலும் ஒத்த இடங்களைக் குறித்துக்கொண்டு மூலைக்கு மூலை டேப்பால் அளந்தால், சட்டம் வளைந்திருக்கிறதா என்பது பெரும்பாலும் அங்கேயே வெளிப்பட்டுவிடும். முன்பக்கமாக முழுசாகத் தூக்கித் திறக்கும் அந்தப் பெரிய போனட்டின் இடைவெளி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருப்பதும் சந்தேகத்துக்குரிய அறிகுறியே. பழுதுபார்க்கையில், முறிந்த அல்லது விரிசல் கண்ட தண்டை வெல்டிங் வைத்து ஒட்ட ஒருக்காலும் சம்மதிக்கக்கூடாது. சென்னைப் புதுப்பேட்டையிலோ காயலாங்கடையிலோ கிடைக்கும் பழைய தண்டை வாங்கினாலும், சாயம் தடவி விரிசல் பார்க்கும் சோதனைக்கு அதை உட்படுத்திய பிறகே மாட்டவேண்டும். ஒரு பக்கத்து மரை வலஞ்சுழி, மறுபக்கத்தது இடஞ்சுழி என்பதால் ட்ரன்னியன்கள் பக்கம் மாறிப் பொருந்தமாட்டா. முழுக்கத் திருகி இறுக்கிவிடாமல், சக்கரம் இரு பக்கமும் முழுமையாகத் திரும்பும்படி சற்றுப் பின்வாங்கி வைப்பதும் மெக்கானிக் அறிந்திருக்கவேண்டிய நுட்பம். காயில் ஸ்பிரிங்கை அதற்குரிய அழுத்தும் கருவியின்றிக் கழற்ற முயல்வது கையையும் முகத்தையும் பணயம் வைப்பதாகும்.

இனி அடையாளம். ஹெரால்டு வகைக் கார்களில் வண்டியின் சேசிஸ் எண் பொறித்த தகடு, போனட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள சுவரில் அறையப்பட்டிருக்கும். தகட்டைப் பிடுங்கி வேறு வண்டியில் அறைவது எளிது என்பதால், தகட்டை மட்டும் நம்புவது அடையாளங் காண்பதாகாது. அறைந்த ரிவெட்டுகள் பழையவையா, சுற்றியுள்ள பெயிண்ட் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்து, எஞ்சின் பிளாக்கில் வெட்டியுள்ள எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடும் பழைய இன்ஷூரன்ஸ், வரி ரசீதுகளோடும் ஒப்பிடவேண்டும். ஆரம்பக் கார்களுக்கு இரண்டு கதவுகள். நான்கு கதவு ஹெரால்டு பின்னாளில் நம் நாட்டில் மட்டுமே பிறந்தது. 1972இல் அதே நிறுவனத்திலிருந்து வந்த கெஸல் கார், ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினையே கொண்டிருந்தாலும், பின்சக்கரங்களைத் தனித்தனியே ஆடவிடாமல் ஒரே ஆக்ஸிலில் பிணைத்தது. ஆர்.சி.யில் எழுதியிருக்கும் வருஷமும் மாடலும் இவற்றோடு முரண்பட்டால், ஏதோ ஓரிடத்தில் இரண்டு வண்டிகள் ஒன்றாகியிருக்கின்றன என்று கொள்ளவேண்டும். களவுபோன பொருளை அறியாமல் வாங்கியவருக்கும், விற்றவருக்கு இருந்ததைவிட மேலான உரிமை கிடைப்பதில்லை என்பது 1930ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் பொது விதி. விற்பதற்கு உரிமையில்லாதவர் விற்றிருந்தால் விலையைத் திரும்பக் கேட்க வாங்கியவருக்கு அதே சட்டம் உரிமையளிக்கிறது என்றாலும், அதற்குள் வண்டி போலீஸ் நிலைய வாசலில் நின்றுகொண்டிருக்கும். துருவால் எண் அழிந்திருந்தாலும், பதிவு அதிகாரியின் முன்னனுமதியின்றிப் புதிதாக வெட்டுவதற்கு எந்தப் பட்டறைக்கும் அதிகாரமில்லை.

தஸ்தாவேஜுகளைப் பொறுத்தவரை மக்கள் காட்டும் அலட்சியம் மனத்தை வருத்துவது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் 29, 30 எண் படிவங்களின் வாயிலாக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும், வெளிமாநில வண்டியானால் 28ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்று தேவை. உரிமையாளர் காலமாகியிருந்தால், வாரிசு 30 நாளுக்குள் தகவல் கொடுத்து மூன்று மாதத்துக்குள் 31ஆம் படிவத்தில் விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. நடைமுறையில் இது தலைமுறைக்கணக்காகச் செய்யப்படாமலே கிடக்கிறது. அத்தகைய வண்டியை வாங்குமுன் எல்லா வாரிசுகளின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தையும் பெற்றுவிடுதல் நலம். பெயர் மாற்றம் விற்றவருக்கும் அவ்வளவே முக்கியம். பதிவேட்டில் பெயர் நீடிக்கும்வரை, விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈடு கொடுக்கும் பொறுப்பும் பதிவு பெற்ற உரிமையாளரையே சாரும் என்று 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எம்.எஸ்., டி.எம். என்று தொடங்கும் பழைய மூன்றெழுத்துப் பதிவெண்கள் பல, இன்றைய கணினிப் பதிவேட்டில் ஏறாமலே இருக்கின்றன, அசல் ஆர்.சி.யைக் கொண்டுபோய் அவற்றை ஏற்றிக்கொள்ளவேண்டும்.

ஐம்பது வருஷத்தைக் கடந்த கார்களுக்கு 2021 ஜூலையில் ஒரு தனி வழி திறக்கப்பட்டது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் அப்போது சேர்க்கப்பட்ட ஏற்பாட்டின்படி, 'வின்டேஜ்' வண்டி என்று புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய் கட்டணம். அந்தப் பதிவு 10 வருஷம் செல்லும். பின்னர் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிய பதிவெண்ணில் மாநில எழுத்துகளை அடுத்து வி.ஏ. என்ற அடையாளம் வரும். ஏற்கெனவே பதிவுள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சலுகைக்கு விலை உண்டு: கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பழங்கார் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காகவே சாலையில் ஓட்டலாம், அன்றாடப் பிரயாணத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்தலாகாது. அன்றாடம் ஓட்ட விரும்புகிறவர், சாதாரணப் பதிவை ஐந்தாண்டுக்கொரு முறை சோதனைக்குட்பட்டுப் புதுப்பித்துக்கொள்ளும் வழியிலேயே நிற்பது உத்தமம். வண்டி தன் மூல வடிவத்தில் பெருமாற்றமின்றி இருக்கவேண்டும் என்பது வின்டேஜ் பதிவின் ஆதார நிபந்தனை என்பதால், வளைந்த சேசிஸின் முன்பாதியை வெட்டியெறிந்து வேறொன்றை ஒட்டுகிறவர், தம்மையறியாமலே அந்தத் தகுதியை இழக்க நேரலாம். தேய்ந்த ட்ரன்னியனையும் புஷ்களையும் மாற்றுவது பராமரிப்பு; சேசிஸையே மாற்றுவது வேறு விஷயம். வேலை தொடங்குமுன்னும் இடையிலும் முடிவிலும் புகைப்படமெடுத்து, கழற்றிய பழைய உறுப்புகளையும் ரசீதுகளையும் பாதுகாத்து வைத்தால், பரிசோதிக்கும் அதிகாரிகளின் முன் இந்த வேற்றுமையை நிரூபிக்கலாம்.

பட்டறையில் வண்டியை விடும்போது, செய்யப்போகும் வேலை, உத்தேசச் செலவு, முடிக்கும் காலம் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளாதவர்கள்தாம் பிற்பாடு அதிகம் துன்பப்படுகிறார்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், தான் செய்த வேலைக்குரிய கூலி கிடைக்கும்வரை வண்டியைத் தன்னிடமே நிறுத்திவைக்க ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு பட்டறைக்காரருக்கு உரிமை கொடுக்கிறது. அதே சட்டத்தின் 151ஆம் பிரிவு, ஒப்படைத்த பொருளைத் தன் பொருளைப்போல் ஜாக்கிரதையாகக் காக்கும் கடமையையும் அவர்மேல் சுமத்துவதால், வெளியில் மழையில் நனைந்து கெட்டதற்கும் காணாமற்போன உறுப்புக்கும் அவர் பதில் சொல்லியாகவேண்டும். வேலை குறைபாடுடையதாக இருந்தால், இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்கு மிகாவிடில் கட்டணமேதுமில்லை. முதலில் ஆலோசனை பெற 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. பழைய கார் வியாபாரியிடம் ஏமாந்தவருக்கும் இந்த ஆணையத்தின் கதவு திறந்திருக்கிறது. தனிமனிதர் ஒருவரிடமிருந்து வாங்கியவர் பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றத்தையே நாடவேண்டியிருக்கும். எண்ணை மாற்றி வஞ்சித்திருந்தால், பாரதிய நியாய சன்ஹிதையின் 318ஆம் பிரிவின்கீழ்ப் போலீஸில் புகார் செய்வதற்கும் இடமுண்டு. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவிலுள்ள ஒரு விதிவிலக்கை வாங்குபவர் மறக்கலாகாது: விற்பவர் ஒரு குறையைச் சொல்லாமல் மறைத்திருந்தாலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தாமே உண்மையைக் கண்டுபிடித்திருக்கக்கூடியவர் அதைக் காரணமாகக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய இயலாது. ஜாக்கியும் டேப்பும் கொண்டு அரைநாள் செய்யும் சோதனைக்கு நீதிமன்றத்திலும் மதிப்புண்டு என்பது இதனால் விளங்கும்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. மூன்றாம் நபர் காப்பீடின்றிச் சாலையில் இறங்குவது குற்றம். அதற்குமேல் சொந்தச் சேதத்துக்கும் காப்பீடு எடுப்பவர், ஐந்து வருஷத்தைக் கடந்த வண்டிக்கு மதிப்பு என்பது இருதரப்பும் பேசி முடிவு செய்வதே என்பதை அறிந்து, மீட்பு வேலையின் ரசீதுகளையும் படங்களையும் முன்வைத்துத் தக்க தொகையை நிர்ணயித்துக்கொள்ளவேண்டும். தேய்மானத்தாலும் இயந்திரக் கோளாறாலும் நேர்ந்த நஷ்டத்தைப் பாலிசி ஏற்பதில்லையாதலால், கியர் ஆயில் காணாத ட்ரன்னியனில் தண்டு முறிந்து அந்த உறுப்பு கெட்டதற்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. ட்ரன்னியனுக்கு ஆயில் செலுத்திய தேதியையும் அப்போது ஓடியிருந்த மைலையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து, ஆர்.சி.யோடு சேர்த்து வைப்பது, பின்னால் காரை விற்கும்போது வாங்குபவருக்குக் காட்டவும் உதவும்.