மாட வீதியில் எங்கே நிற்பது?

கார்த்திகை தீபத் திருவிழாவின் பத்து நாளிலும் திருவண்ணாமலையில் எடுக்கப்படும் செல்போன் வீடியோக்களுக்குக் கணக்கே கிடையாது. கோயிலைச் சுற்றிய மாட வீதியில் சுவாமி புறப்பாடு, முன்னால் மேளம், நாயனத்தில் (நாதஸ்வரத்தில்) கம்பீரநாட்டை மல்லாரி. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் படம் நன்றாகத்தான் இருக்கும், சத்தம் சகிக்காது. பலூன்காரரின் பீப்பியும், காணாமல் போன குழந்தை பற்றிய அறிவிப்பும், பக்கத்தில் யாரோ போனில் கத்தியதும் முன்னுக்கு வந்து நிற்கும். நாயனம் அவற்றுக்குப் பின்னால் எங்கோ முனகும். வீதியில் நின்றபோது இப்படியா கேட்டது?

இப்படிக் கேட்கவில்லை. ஆனால் அத்தனை சத்தமும் அங்கே இருந்தது. போன் உள்ளதை உள்ளபடிதான் பிடித்தது, வடிகட்டிக் கேட்டது நாம். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை எட்டி, மறு காதை எட்டுவதற்குள் ஆயிரத்தில் ஒரு நொடிகூட ஆவதில்லை. அந்த நூலிழை வித்தியாசத்தை வைத்துக்கொண்டே மூளை எந்தச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரிக்கிறது. பிரித்த பின், வேண்டிய திசையைத் தூக்கிப் பிடித்து மற்றதை அமுக்கிவிடுகிறது. பல பேர் பேசும் இடத்தில் ஒருவர் பேச்சை மட்டும் எப்படிப் பின்தொடர்கிறோம் என்பதை 1953இல் காலின் செர்ரி என்ற ஆய்வாளர் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்தார். அவர் மாட வீதிக்கு வந்திருந்தால் இன்னும் கடினமான சோதனை கிடைத்திருக்கும்.

போனுக்கு இந்தத் திறமை இல்லை. அதோடு இன்னொரு தொல்லையும் உண்டு. பெரிய சத்தம் விழுந்தால் அது தானாகவே ஒலியளவைக் குறைத்துக்கொள்ளும், சத்தம் ஓய்ந்தால் மறுபடி ஏற்றும். தவிலில் அடி விழும்போதெல்லாம் நாயனம் அமுங்கி எழுவது அதனால்தான்.

நாயனம் வீதிக்கென்றே அமைந்த வாத்தியம். ஆச்சா மரத்தில் கடைந்த உலவு எனும் குழல், அதனுள்ளே கீழ்நோக்கி விரியும் கூம்புத் துளை, மேலே ஊதும் சீவாளி, கீழே விரிந்த வாயான அணைசு. சீவாளியின் இரண்டு நாக்குகளும் ஊதும் காற்றில் படபடவென்று மூடித் திறக்கின்றன. அதில் ஆதாரச் சுரம் மட்டும் பிறப்பதில்லை. அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று அதிர்வெண் கொண்ட மேற்சுரங்களும் கூட்டமாகக் கிளம்புகின்றன. நம் காதுத் துளையும் ஒரு சின்னக் குழல்தான். நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர், ஒரு முனை செவிப்பறையால் அடைபட்டது. அந்த நீளத்துக்கு அது 3000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் கூடவே அதிரும். அதனால் அந்த வட்டாரத்து ஒலிதான் மனிதக் காதுக்கு மிகச் சுலபமாகக் கேட்கிறது. நாயனத்தின் மேற்சுரங்கள் அங்கே தாராளமாக விழுகின்றன. மைக் என்ற ஒன்றைக் கனவிலும் காணாத காலத்து ஆசாரிகள் இதைக் காதாலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இன்னொரு விசேஷம் துளைகளில் இருக்கிறது. ஒலி முழுவதும் அணைசு வழியாக வருகிறது என்று நினைக்கத் தோன்றும். தாழ்ந்த அதிர்வுகள் அதுவரை போவதேயில்லை. விரல் எடுத்த முதல் துளையிலேயே வெளியேறி நாலா பக்கமும் பரவிவிடும். உயர்ந்த மேற்சுரங்கள்தான் குழல் நெடுக ஓடி, அணைசு நோக்கும் திசையில் டார்ச் வெளிச்சம் மாதிரி பாய்கின்றன. வித்வான் வாசித்துக்கொண்டே குழலை இடமும் வலமும் திருப்பும்போது, எதிரே நிற்பவருக்கு ஒரு கணம் நாதம் கூராகிறது, மறுகணம் மழுங்குகிறது. சுருதி மாறவில்லை, குணம் மாறுகிறது.

இந்த நாதம் எவ்வளவு தூரம் போகும்? திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். மேளத்திலிருந்து 3 மீட்டரில் 100 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், நூறு மீட்டர் தள்ளி ஏறக்குறைய 70 டெசிபல் இருக்கும். அதுவே சாதாரணப் பேச்சை அமுக்கப் போதும். மாட வீதியில் இரு பக்கமும் சுவர் இருப்பதால் குறைவது இதைவிட மெதுவாகவே நடக்கும். கிரிவலப் பாதையில் கோயிலை விட்டு விலகிப் போகும்போது வேறு ஒரு விதி குறுக்கிடுகிறது. காற்று உயர்ந்த ஒலிகளைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கிலோமீட்டர் கடப்பதற்குள் 4000 ஹெர்ட்ஸ் ஒலியில் 20 டெசிபலுக்கு மேல் போய்விடும், 500 ஹெர்ட்ஸில் மூன்றுதான் போகும். நாயனம் முதலில் கூர்மையை இழக்கும், பிறகு காணாமலே போகும். கடைசியில் மிஞ்சுவது தவிலின் தாழ்ந்த குரல் பக்கமான தொப்பி ஒன்றுதான்.

பகலும் இரவும்கூட ஒன்றல்ல. திருவிழாவில் காலையில் விநாயகரும் சந்திரசேகரரும், இரவில் பஞ்சமூர்த்திகளும் வீதி வருவார்கள். வெயில் நேரத்தில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருக்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போவதால் அதன் பாதை மேல்நோக்கி வளைந்து, தூரத்தில் நிற்பவரின் தலைக்கு மேலே கடந்துவிடும். தெளிந்த இரவில் தரை முந்திக் குளிர்கிறது. வளைவு கீழ்நோக்கித் திரும்பி, ஒலி ஊரின் மேல் வந்து இறங்குகிறது. பகலில் பக்கத்துத் தெருவுக்கே எட்டாத மேளம் ராத்திரியில் ஊர்க்கோடியிலும் கேட்பதற்கு அமைதி மட்டும் காரணமல்ல.

கோயிலுக்குள் போனால் கருங்கல். தன்மேல் படும் ஒலியில் நூற்றில் ஓரிரு பங்குதான் அது விழுங்கும், மற்றதைத் திருப்பி அனுப்பும். திரும்பி வரும் ஒலி சுமார் 10 மீட்டர்தான் கூடுதலாகச் சுற்றி வந்தது என்றால், அதாவது நொடியில் முப்பத்தைந்தில் ஒரு பங்குதான் தாமதம் என்றால், காது அதைத் தனியாகக் கேட்பதில்லை. மூல ஒலியோடு சேர்த்து நாதத்தைக் கனமாக்கிக்கொள்கிறது. ஆயிரங்கால் மண்டபம் போன்ற இடத்தில் தூண்கள் ஒலியைப் பல திசைக்கும் சிதறடிப்பதால் பளிச்சென்ற எதிரொலி ஒன்று எழுவதில்லை. 217 அடி ராஜகோபுரம் போன்ற பெரிய முகப்பு எதிரே இருந்து, தவிலடி தூரத்திலிருந்து விழுந்தால், அடி இரண்டாகக் கேட்கலாம்.

இடத்தால் நாதம் மாறுவதுபோல் கேட்பவர்களால் வாசிப்பும் மாறுகிறது. 2024இல் சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்பவர்களை மூளை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்கவைத்து, அவர்களின் அமிக்டலா எனும் உணர்ச்சி மையம் எப்படித் துடிக்கிறது என்பதைப் பியானோ கலைஞருக்கு உடனுக்குடன் காட்டினார்கள். கலைஞர் அதைப் பார்த்துப் பார்த்து வாசிப்பை மாற்றினார். பதிவு செய்த இசையைவிட நேரடி வாசிப்புக்கு அந்த மையம் அதிகமாகவும் சீராகவும் அசைந்தது. நாயனக்காரருக்கு ஸ்கேன் தேவையில்லை. எதிரே தலை ஆடுவது நின்றால் ராகத்தை முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பார்.

இவ்வளவு சொன்னாலும், நேரடி இசைதான் உத்தமம் என்று சத்தியம் செய்கிறவர்கள் தவிலுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றிருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த அளவில், 85 டெசிபலைக் காது நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். காதில் பஞ்சு வைத்துக்கொள்வது மனத்திருப்தி.

ஒலிபெருக்கி வேறு. வீதி நெடுகக் கம்பத்தில் கட்டிய குழாய்களுக்கு ஒலி கம்பி வழியே கண்ணிமைக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிடும். மேளத்தின் சொந்த ஒலியோ நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் நடந்து வரும். நூறு மீட்டர் தள்ளி நின்றால் முதலில் கம்பத்துத் தவில், கிட்டத்தட்ட 0.3 நொடி கழித்து நிஜத் தவில். துரித காலத்தில் அது ஓர் அட்சரத்தையே புரட்டிப் போடும். பெரிய கச்சேரி மேடைகளில் ஒலிப் பொறியாளர்கள் தூரக் குழாய்களை மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிநொடி என்ற கணக்கில் தாமதிக்கவிடுவார்கள். நகர்ந்துகொண்டே போகும் மேளத்துக்கு அந்தக் கணக்கும் செல்லாது.

ஒலிப்பதிவு இந்தத் தொல்லைகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது, கூடவே தூரத்தையும் துடைத்தது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் தோடி வாசிக்கக்கூடியவர் என்று பேரெடுத்த மனிதர், இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் மூன்று, மூன்றரை நிமிடத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. நல்லவேளையாக அது 1925க்குப் பிந்தைய மின்சாரப் பதிவு. அதற்கு முந்தைய கொம்புப் பதிவில் 2500 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் ஏறாது, நாயனத்தின் உயிர் இருக்கும் இடமே வெட்டுப்பட்டிருக்கும். அவர் கையாண்ட பாரி நாயனம் பழைய திமிரி நாயனத்தைவிட நீளம், சுருதி தாழ்வு. வாத்தியம் வீதியிலிருந்து சபா மேடைக்கும் மைக்குக்கும் இறங்கிவந்த கதையும் அந்த நீளத்தில் இருக்கிறது. 1956இல் மறைந்தவரின் பிருகா ஒன்றைப் பாதி வேகத்தில் ஓட்டி, காந்தாரத்தை அவர் எப்படி அசைக்கிறார் என்று இன்று ஒரு மாணவர் பத்து தடவை கேட்கலாம். மாட வீதி எவருக்கும் இரண்டாம் தடவை தராது.

வீணை தனம்மாளின் வீணை நாயனத்துக்கு நேர் எதிர். சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் சிலரே உட்கார்ந்து மூச்சடக்கிக் கேட்ட நாதம் அது. மைக் அதற்கு உபகாரம் செய்தது. நாயனத்தை மைக்குக்குப் பழக்குவதுதான் சிரமம். அணைசு முன்னால் வைத்தால் கூர்மை மிஞ்சும், துளைகளின் முன்னால் வைத்தால் விரல் சத்தமும் காற்றும் ஏறும், வித்வான் குழலைத் திருப்பினால் எல்லாம் மாறும். எனவே அசையாமல் வாசிக்கச் சொல்வார்கள். பதிவில் நாம் கேட்பது துளையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்த காதுக்குக் கேட்டதை. எந்த ரசிகரும் அங்கே நின்றதில்லை.

வீதிக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு இருக்கவே இருக்கிறது. 3 மீட்டரில் 100 டெசிபல் என்றால் திறந்த வெளிக் கணக்கில் 12 மீட்டரில் 88, காது 4 மணி நேரம் தாங்கும்; சுவர்களுக்கு நடுவே நேரத்தைச் சற்றுக் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். மேளத்துக்கு முன்பக்கமாக, அணைசு நம்மைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும் அந்தத் தூரத்தில், ஒலிபெருக்கிக் கம்பத்துக்கு எட்ட நிற்பது நல்லது. தீபத்தன்று இந்த யோசனை உதவாது. அன்று கூட்டம் எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் நிற்க முடியும். தேரோட்டத்துக்கு முந்தைய நாள்களில் ஓர் இரவு உற்சவம் தேவலை.