விற்ற வண்டியைத் திரும்ப அழைப்பது ஏன்?

ஒரு பொருளை விற்றுப் பணத்தையும் பெற்றுக்கொண்ட வணிகர், பின்னொரு நாளில் அதனை வாங்கியவரைத் தேடி, "நாங்கள் விற்ற பொருளில் குறை இருக்கிறது. அதனைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள். செலவின்றிச் செப்பனிட்டுத் தருகிறோம்" என்று அறிவிப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் இன்று பல நாடுகளில் இது சட்டத்தின் துணையுடன் நடைபெற்று வருகிறது. குறையுள்ள பொருளை இவ்வாறு உற்பத்தியாளரே திரும்ப அழைப்பதனால் எத்தனையோ உயிர்கள் காக்கப்படுகின்றன.

நாம் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் செல்கிறோம். எரிவாயு அடுப்பில் சமைக்கிறோம். புல்வெட்டும் இயந்திரத்தைக் கையாள்கிறோம். எனவே இம்முறையைப் பற்றி அறிந்திருப்பது நமக்கும் பயன்தரும். இதன் நன்மையையும், இது தவறிய இடங்களில் நேர்ந்த துயரத்தையும் ஒருங்கே காட்டும் எடுத்துக்காட்டாக, அமெரிக்க நாட்டில் பொழுதுபோக்குக்காகக் காட்டிலும் மேட்டிலும் ஓட்டப்படும் வாகனங்களின் வரலாற்றை இங்கே காண்போம்.

இவை எத்தகைய வாகனங்கள்?

இவ்வாகனங்கள் பொதுச் சாலைக்கென அமைக்கப்பட்டவை அல்ல. மணற்பரப்பு, சேற்று நிலம், மலைச்சரிவு, காட்டுப்பாதை ஆகியவற்றில் செல்வதற்கென்றே உருவாக்கப்பட்டவை. இவற்றுள் இரு வகைகள் முக்கியமானவை. முதல் வகையில் மோட்டார் சைக்கிளைப் போன்று இருபுறமும் காலிட்டு அமர்ந்து, கைப்பிடியால் திருப்ப வேண்டும். நம் நாட்டுச் சுற்றுலாத் தளங்கள் சிலவற்றில் வாடகைக்கு விடப்படும் நான்கு சக்கர வண்டிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் வகை சிறு ஜீப்பைப் போன்றது. அதில் திருப்புச் சக்கரம், மிதிகள், பக்கத்தில் அமர்வோருக்கு இருக்கை, இருக்கை வார், தலைக்கு மேல் இரும்புக் கூண்டு ஆகியவை உண்டு.

கரடுமுரடான நிலத்தில் செல்வதற்காக இவற்றின் அடிப்பகுதி தரையிலிருந்து உயர்த்தி அமைக்கப்படுகிறது. குறுகலான பாதையில் நுழைவதற்காக அகலம் குறைக்கப்படுகிறது. உயரம் மிகுந்து அகலம் குறைந்த எப்பொருளும் எளிதிற் சாயும் என்பதை நாம் அறிவோம். ஆகவே இவ்வாகனங்களை வடிவமைப்பதில் சிறு பிழை நேர்ந்தாலும் அது ஓட்டுபவரின் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

சட்டம் கூறுவது என்ன?

அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டு நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி நிறுவப்பட்ட ஆணையமே இவ்வாகனங்களைக் கண்காணிக்கும் பொறுப்பை ஏற்றது. சாலையில் ஓடும் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் கண்காணிக்க அங்கே வேறோர் அமைப்பு உண்டு. இவ்வாகனங்கள் சாலைக்கு உரியவை அல்ல என்பதால் நுகர்பொருள்களோடு சேர்க்கப்பட்டன.

தன் பொருளில் பெருந்தீங்கு விளைவிக்கத்தக்க குறை உள்ளது என்பதற்குத் தக்க சான்று கிடைத்தால், 24 மணி நேரத்திற்குள் ஆணையத்திற்குத் தெரிவிக்க வேண்டியது உற்பத்தியாளரின் கடமை என அச்சட்டம் விதிக்கிறது. இவ்வளவு குறுகிய காலம் விதிக்கப்பட்டதற்குக் காரணம் தெளிவானது. ஒரே அச்சில் வார்க்கப்பட்ட பொருள்களில் ஒன்றில் உள்ள குறை மற்றவற்றிலும் இருக்கக்கூடும். ஓர் ஊரில் ஒரு வண்டி தீப்பற்றினால், அதன் உரிமையாளர் அதனைத் தம் கெட்ட காலம் என்று கருதிவிடலாம். ஆனால் பல ஊர்களிலிருந்தும் புகார்கள் வந்து சேரும் இடம் உற்பத்தியாளரின் அலுவலகமே. நூறு வீடுகளில் தனித்தனியே நேர்ந்த விபத்துகளுக்கு ஒரே காரணம் உண்டு என்பதை முதலில் உணரக்கூடியவரும் அவரே. அவர் வாய் திறவாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் மற்றவர்களுக்கு ஆபத்தான நாளாகும்.

மூன்று சக்கரம் தந்த பாடம்

1970ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனம் பருத்த டயர்களையுடைய மூன்று சக்கர வண்டியொன்றை அமெரிக்கச் சந்தைக்குக் கொணர்ந்தது. இவ்வகை வண்டிகள் விரைவில் மக்களின் விருப்பத்தைப் பெற்றன. ஆனால் முன்புறம் ஒரே சக்கரம் இருந்ததால், வளைவில் திரும்பும்போது வெளிப்புறமாகச் சாயும் பாரத்தைத் தாங்க முன்பக்கத்தில் துணை இல்லை. பிள்ளைகளும் பெரியவர்களும் விழுந்து மாண்டனர், பலர் முடமாயினர்.

இதன் விளைவாக 1988ஆம் ஆண்டில் நீதிமன்றத்தின் முன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. முக்கிய உற்பத்தியாளர்கள் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையை நிறுத்தவும், வாங்குவோருக்கு ஓட்டும் பயிற்சி அளிக்கவும் இசைந்தனர். 90 சிசிக்கு மேற்பட்ட இயந்திரம் கொண்ட வண்டிகள் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஏற்றவை அல்ல என்ற விதியும் அப்போது வலியுறுத்தப்பட்டது. 2008ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் புதிய மூன்று சக்கர வண்டிகளை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடுத்தது.

சமநிலத்திலும் கவிழ்ந்த வண்டி

இரண்டாம் வகை வாகனங்களுள் யமஹா நிறுவனத்தின் 'ரைனோ' புகழ்பெற்றது. அதன் 450, 660 ஆகிய இரு வகைகள் தொடர்பான 50க்கும் மேற்பட்ட விபத்துகளை ஆணையம் ஆராய்ந்தது. அவற்றில் 46 பேர் மாண்டிருந்தனர். மூன்றில் இரண்டு பங்கிற்கும் மேற்பட்ட விபத்துகளில் வண்டி கவிழ்ந்திருந்தது. அவற்றுட் பல, செங்குத்தான மலையிலோ மிகுந்த வேகத்திலோ நிகழவில்லை. சமமான தரையில், குறைந்த வேகத்தில் திரும்பும்போதே நிகழ்ந்தன. இருக்கை வார் அணியாதோரும் பலர் இருந்தனர்.

2009ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நிறுவனம் இலவசச் செப்பனிடும் திட்டத்தை அறிவித்தது. அவ்விரு வகைகளில் மட்டும் சுமார் 120,000 வண்டிகள் அதில் அடங்கின. செய்யப்பட்ட மாற்றம் சிறியதே. பின் சக்கரங்களுக்கு இடைத்துண்டுகள் பொருத்தப்பட்டன. அதனால் சக்கரங்களுக்கிடையே அகலம் கூடியது. வளைவில் வண்டியின் பின்பகுதி வெளியே வீசும் போக்கைத் தணிப்பதற்காகப் பின்புறமிருந்த ஒரு தண்டு அகற்றப்பட்டது. சாயும்போது கால் வெளியே சென்று வண்டியின் அடியில் சிக்காதிருக்கப் பாதிக் கதவுகளும், பற்றிக்கொள்ளக் கைப்பிடிகளும் அளிக்கப்பட்டன. சில இரும்புத் துண்டுகளாலும் கதவுகளாலும் குறைக்கக்கூடிய ஆபத்துக்குப் பல குடும்பங்கள் பெருவிலை கொடுத்திருந்தன என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காலம் தாழ்த்தியதன் விளைவு

பொலாரிஸ் நிறுவனம் 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், 2013 முதல் 2016 வரையிலான ஆண்டுகளுக்குரிய 'ஆர்இசட்ஆர்' வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றின் எண்ணிக்கை சுமார் 133,000. ஓடிக்கொண்டிருக்கும்போதே அவை தீப்பற்றக்கூடும் என்பதே காரணம். 160க்கும் மேற்பட்ட தீ விபத்துகள் அதற்குள் தெரிவிக்கப்பட்டிருந்தன. 19 பேர் காயமுற்றிருந்தனர். ஒரு வண்டி கவிழ்ந்து தீப்பற்றியதில், அதில் பயணம் செய்த 15 வயதுப் பிள்ளை ஒன்று உயிரிழந்திருந்தது. இன்னொரு வண்டியிலிருந்து பரவிய தீ 10 ஏக்கர் நிலத்தைச் சுட்டெரித்தது.

தனக்குத் தெரிந்ததை அந்நிறுவனம் உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை என ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2018ஆம் ஆண்டில் 2 கோடியே 72 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதம் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. இவ்வுடன்பாடு குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகப் பொருள்படாது என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிடுகிறோம். ஆயினும் அபராதம் எவ்வளவு பெரிதாயினும் போன உயிர் மீளாது.

இந்நிகழ்ச்சியில் இன்னொரு படிப்பினையும் உண்டு. செப்பனிடப்பட்ட வண்டிகளிலும் சில மீண்டும் தீப்பற்றின. 2017ஆம் ஆண்டு டிசம்பரில் ஆணையமும் நிறுவனமும் கூட்டாக எச்சரிக்கை விடுத்தன. எனவே ஒருமுறை பட்டறைக்குச் சென்று வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கருதுதல் கூடாது. புகை, பெட்ரோல் வாடை, வழக்கத்திற்கு மாறான சூடு ஆகியவற்றை எப்போதும் கவனித்தல் வேண்டும்.

அழைப்பு பாதி, செவிசாய்ப்பது பாதி

திரும்ப அழைக்கும் அறிவிப்பில் பொதுவாக நான்கு செய்திகள் இருக்கும். பொருளின் பெயரும் அது செய்யப்பட்ட ஆண்டும் முதலாவது. அதனால் விளையும் ஆபத்து இரண்டாவது. அதுவரை நேர்ந்த விபத்துகள் மூன்றாவது. உரிமையாளர் செய்ய வேண்டியது நான்காவது. வண்டியின் சேசிஸ் எண்ணை விற்பனையாளரிடம் கூறினால், அவ்வண்டி அழைக்கப்பட்டவற்றுள் ஒன்றா என்பதை அவர் சொல்லிவிடுவார்.

இத்தனை வசதி இருந்தும் பல வண்டிகள் பட்டறைக்கு வருவதில்லை. சிலர் வீடு மாறியிருப்பர். கடிதம் பழைய முகவரிக்குச் சென்றிருக்கும். சிலர் இரண்டாங்கையாக வாங்கியிருப்பர். அவர்கள் பெயர் நிறுவனத்தின் ஏட்டில் இராது. "என் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது" என்று வாளாவிருப்போரும் உண்டு. நன்றாக ஓடுவது குறையில்லை என்பதற்குச் சான்றாகாது. தீப்பற்றிய வண்டிகளும் அதற்கு முந்திய நாள் வரை நன்றாக ஓடியவையே.

நாம் செய்ய வேண்டியவை

இது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. 2014ஆம் ஆண்டில் நம் நாட்டின் சரவாக் மாநிலத்தில் நேர்ந்த ஒரு மோதலில், காரின் பாதுகாப்புக் காற்றுப் பை வெடித்துச் சிதறியதால் கருவுற்றிருந்த பெண்ணொருவர் உயிரிழந்தார். காக்க வேண்டிய கருவியே உயிரைப் பறித்தது. அதே வகைக் காற்றுப் பைகளுக்காக உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

நம் நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், ஆபத்தான பொருள்களைத் தடை செய்யவும், அவற்றைத் திரும்பப் பெறுமாறு விற்போருக்குக் கட்டளையிடவும் அமைச்சருக்கு அதிகாரம் அளிக்கிறது. சட்டம் நமக்குத் துணையாக இருக்கிறது. அதனோடு நாமும் சில வழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும்.

மோட்டார் சைக்கிளோ இயந்திரமோ வாங்கும்போது ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துவோம். பெயரையும் முகவரியையும் விற்பனையாளரிடம் தவறாது பதிந்து வைப்போம். வேறு தோட்டத்திற்கோ நகருக்கோ குடிபெயர்ந்தால் புதிய முகவரியைத் தெரிவிப்போம். இரண்டாங்கையாக வாங்கும் வண்டியின் சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் விற்பனை நிலையத்தில் காட்டிக் கேட்போம். அறிவிப்பு ஆங்கிலத்திலோ மலாயிலோ வந்தால், படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டோ தோட்ட அலுவலகத்தில் கேட்டோ அதன் பொருளை அறிவோம். "பயன்படுத்தாதீர்" என்று அதில் இருந்தால், அன்றைக்கே நிறுத்துவோம். வாங்கிய பொருளில் ஆபத்தான குறை கண்டால், அது நம் தலைவிதி என்று ஒதுங்காமல் விற்பனையாளருக்கும் உரிய அதிகாரிகளுக்கும் தெரிவிப்போம். நம் ஒருவரின் புகாரே, எங்கோ முகமறியாத இன்னொரு குடும்பத்தைக் காக்கும் முதற் செய்தியாக அமையலாம்.

பள்ளி விடுமுறையில் சுற்றுலாத் தளங்களுக்குச் செல்லும்போது, பெரியவர்களுக்குரிய நான்கு சக்கர வண்டிகளைச் சிறுவர்களிடம் ஓட்டக் கொடாதிருப்போம். யார் ஓட்டினாலும் தலைக்கவசம் அணியட்டும்.

தவறு நேர்வது மனித இயல்பு. அதனை மறைக்காமல் உடனே அறிவிப்பது உற்பத்தியாளரின் கடமை. அறிவிக்கச் செய்வது அரசின் கடமை. அறிவிப்பைக் கேட்டு நடப்பது நம் கடமை. இம்மூன்றும் ஒன்றுசேர்ந்தால்தான் அழைப்பு உயிர்காக்கும் அழைப்பாகும்.