சூரிய சக்தி விருந்தகம்: அடைமழை நாட்களுக்கு ஒரு கணக்கு

ஆண்டிமடம் வட்டாரத்தில் முந்திரித் தோப்பு உடைய அங்கத்தினர் எவருக்கும், தோப்பினுள் நான்கு அறைகள் கட்டி வெளியூர் விருந்தினரைத் தங்கவைத்தால் என்ன என்ற எண்ணம் எழக்கூடும். 2004-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்ட கங்கைகொண்ட சோழபுரம் நமக்கு அண்மையில் உள்ளது. நமது மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இவற்றைக் காண வருவோர் தங்கினால், தறியில் விளைந்த பட்டுக்கும் தோப்பில் விளைந்த பருப்புக்கும் வாசலிலேயே விற்பனை உண்டு. மின்கம்பம் எட்டாத தோப்புக்குச் சூரிய சக்தியே எளிய வழி என்பதும் உண்மையே. ஆயினும் முதலீடு செய்யுமுன் நாம் சிந்திக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

விருந்தினர் வருவது எப்பொழுது? சித்திரை வெயிலில் எவரும் வருவதில்லை. வலசைப் பறவைகள் வருவதும், வெளியூரார் பயணம் புறப்படுவதும் குளிர் மாதங்களிலேயாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். ஐப்பசி கார்த்திகை அடைமழை என்பதை நாம் அறியாதவரல்லோம். ஆகவே, வருமானம் வரும் பருவமும் சூரியன் மறையும் பருவமும் ஒன்றாகவே அமைந்துள்ளன. வெயில் நாளை வைத்துக் கணக்கிட்டவர் நஷ்டமடைவது இங்கேதான்.

சோலார் பேனல் எனப்படும் சூரியத் தகடு, ஒரு கிலோவாட் அளவுடையதாயின், தெளிந்த நாளில் சுமார் நான்கு யூனிட் மின்சாரம் தரும். கருமேகம் கவிந்த நாளிலோ, அதில் நாலில் ஒரு பங்கு கிடைப்பதே அரிது. பாவு போடுமுன் நூலைக் கணக்கிடும் நெசவாளரைப் போல, நாமும் செலவை முதலில் எழுதிப் பார்ப்போம்.

நான்கு அறைகளிலும் 30 வாட் சிக்கன மின்விசிறி பத்து மணி நேரம் சுழன்றால் 1.2 யூனிட் ஆகும். அறை விளக்குகளுக்கும் கைப்பேசிகளுக்கும் அரை யூனிட்; சமையற்கட்டு, தாழ்வார விளக்குகளுக்கு 0.3 யூனிட், அரைக் குதிரைச் சக்தி மோட்டார் ஒரு மணி நேரம் ஓட அரை யூனிட், குளிர்ப்பெட்டிக்கு ஒரு யூனிட். ஆக, நாளொன்றுக்கு 3.5 யூனிட். இரண்டு கிலோவாட் தகடுகள் வெயில் நாளில் இதனைத் தாராளமாகத் தந்துவிடும்.

இனி மழை நாளைக் காண்போம். 12 வோல்ட், 150 ஆம்பியர்மணி ஈயப் பாட்டரிகள் நான்கில் 7.2 யூனிட் தேங்கும். அதில் பாதியைத்தான் எடுக்கலாம். மறுபாதி விதைநெல்லைப் போன்றது. அதனையும் உண்டு தீர்த்தால் ஈயத் தட்டுகளில் உப்புப் படிந்து, பல ஆண்டு உழைக்க வேண்டிய பாட்டரி வெகு விரைவில் பாழாகும். எஞ்சிய 3.6 யூனிட், முழுச் செலவுக்கு ஒரு நாளைக்கே போதும். ஆனால் மழைக் குளிரில் விசிறி தேவையில்லை. குளிர்ப்பெட்டியை நிறுத்திவிட்டு அன்றன்று வாங்கிச் சமைக்கலாம். அப்பொழுது செலவு 1.3 யூனிட்டாகச் சுருங்குகிறது. அதே பாட்டரி இரண்டு நாட்களுக்குக் குறையாமல் தாங்கும். மேகத்தினூடே வரும் சிறிதளவும் சேருமாயின் நான்கு நாள் மழையையும் கடக்கலாம். பாட்டரிகளைப் பெருக்குவதினும் செலவைச் சுருக்குவதே மலிவான வழி என்பது இதனால் விளங்கும்.

மார்கழியில் விருந்தினர் கேட்பது வெந்நீர். 2000 வாட் மின்சாரக் கொதிகலன் அரை மணியில் ஒரு யூனிட்டைக் குடித்துவிடும்; அதனை அறவே தவிர்த்தல் நன்று. தோப்பில் கழித்த காய்ந்த கிளைகளைக் கொண்டு தவலையில் வெந்நீர் போடலாம். முந்திரிக்கொட்டையின் ஓட்டை மட்டும் எரித்தலாகாது. அதன் எண்ணெய்ப் புகை கண்ணுக்கும் தோலுக்கும் கேடு.

தகடு வைக்கும் இடத்தையும் மார்கழியிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். அம்மாதத்தில் நண்பகற் சூரியன் நமக்குத் தெற்கே சரிந்து, அடிவானிலிருந்து சுமார் 55 பாகை உயரத்திலேயே நிற்கும். சித்திரையில் நிழல் விழாத இடத்தில், தெற்கே நிற்கும் மரத்தின் நிழல் அப்பொழுது நீண்டு விழும். ஒரு தகட்டின் மூலையில் நிழல் பட்டாலும் அதனுடன் இணைந்த மற்றவற்றின் பயனும் குறையும். தகடுகளைத் தெற்கு நோக்கி 20 பாகை அளவு சாய்த்தால் குளிர்காலத்தில் விளைவு கூடும். மழைநீரும் தூசியைக் கழுவிச் செல்லும்.

நமக்கு வெகு தொலைவில்லாத ஆரோவில்லிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. அங்குள்ள சூரிய சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள பிரம்மாண்டமான கண்ணாடிக் கிண்ணம் அமைத்து, வெயிலால் நீராவி உண்டாக்கிப் பல நூறு பேருக்குச் சமைக்க ஏற்பாடு செய்தனர். அவர்களும் மேகமூட்ட நாட்களுக்கெனத் டீசல் கொதிகலன் ஒன்றை உடன் வைத்தனர். மாற்று வழி வைத்துக்கொள்வது சூரியனை நம்பாமை ஆகாது. பருவத்தை அறிந்தமையே ஆகும்.

2011 டிசம்பர் 30-ல் கடலூர் அருகே கரை கடந்த தானே புயல் முந்திரி மரங்களை வேரோடு சாய்த்ததையும், மின்கம்பங்கள் வீழ்ந்து ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்ததையும் நாம் மறக்கவில்லை. தகடுகளின் இரும்புக் கால்களைக் காங்கிரீட்டில் ஆழ ஊன்றியவருக்கு, அத்தகைய நாளிலும் விளக்கு எரியும்; அண்டை வீட்டாரும் வந்து கைப்பேசிக்கு உயிரூட்டிச் செல்வர்.

ஆகவே அங்கத்தினர்களுக்கு நாம் கூறுவது இதுவே. வெயில் நாட்செலவு, மழை நாட்செலவு என இரு பத்திகள் எழுதுங்கள். இரண்டாம் பத்திக்குப் போதுமான பாட்டரி இருந்தால் மட்டும் முதலீடு செய்யுங்கள். நாள்தோறும் காலையில் பாட்டரியின் வோல்ட்டைக் குறித்து வையுங்கள், ஓய்வில் 12.2-க்குக் கீழே இறங்கினால் அன்றே செலவைக் குறையுங்கள். மழை நாளில் குளிர்ப்பெட்டி இராது என்பதை வாடகை பேசும்பொழுதே விருந்தினரிடம் சொல்லிவிடுங்கள். முன்னரே சொன்ன குறையை எவரும் பெரிதாகக் கொள்வதில்லை. சொல்லாத குறையே விருந்தகத்தின் நற்பெயரைக் கெடுக்கும்.