செஞ்சியிலிருந்து சீமைக்கு: தபால் அட்டை ஏன் தாமதமாகிறது?

2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11ஆம் தேதி பாரிஸ் மாநகரில் கூடியிருந்த யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, மராத்தியர்களின் ராணுவத் தலங்கள் என்னும் தொகுதியைத் தன் பட்டியலில் சேர்த்தபோது, அத்தொகுதியில் அடங்கிய பன்னிரண்டு கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவையாக இருக்க, அந்த மாநிலத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டையாகச் செஞ்சி அந்தப் பெருமையை அடைந்தது. உலகெங்கும் பரவியிருக்கும் பட அஞ்சலட்டை அபிமானிகளுள், உலகப் பாரம்பரியத் தலங்களின் படங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் ஒரு தனி வகுப்பினர். பட்டியலில் புதிதாக ஓர் இடம் ஏறியதும், அந்த இடத்தின் படத்தைத் தாங்கி, கூடுமானால் அந்தப் பிரதேசத்துத் தபால் முத்திரையும் பதிந்து வரும் அட்டை ஒன்று தங்களுக்குக் கிடைக்காதா என்று அவர்கள் எதிர்பார்க்கத் தொடங்குவார்கள். செஞ்சிக் கோட்டையின் குன்றுகளான ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் படமாகிக் கடல் கடந்து போவதற்கு இதைவிட நல்ல தருணம் வேறு வாய்த்திருக்க முடியாது. ஆனால் செஞ்சி பட்டியலில் ஏறிய நாற்பத்தைந்தாம் நாள், அதாவது ஆகஸ்டு 25ஆம் தேதி, இந்தியத் தபால் இலாகா அமெரிக்காவுக்கான சேவையில் பெரும்பகுதியை நிறுத்திவைத்தது. அம்மாதம் முடிவதற்குள் சாதாரணக் கடிதங்களும் அந்தத் தடைக்குள் அகப்பட்டுக்கொண்டன.

அட்டைப் பரிமாற்றம் என்னும் இந்தப் பொழுதுபோக்கு எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்த பாவ்லோ மகல்யாயிஷ் என்பவர் 2005ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் தேதி தொடங்கிவைத்த போஸ்ட்கிராஸிங் என்ற ஏற்பாடே இதில் இன்று மிகவும் பிரசித்தமானது. அதன் வழியாகச் சேர வேண்டியவரிடம் சேர்ந்த அட்டைகள் இதுவரை ஏழு கோடிக்கு மேல். அதில் சேர்ந்த ஒருவர் ஒரு விலாசம் கேட்டால், முன்பின் அறியாத யாரோ ஒருவருடைய விலாசமும், அந்த அட்டைக்கென்று ஓர் அடையாள எண்ணும் கிடைக்கும். அட்டையைப் பெற்றவர் அந்த எண்ணைப் பதிவு செய்தால்தான், அனுப்பியவருடைய விலாசம் வேறொருவருக்குப் போய், அவருக்கும் எங்கிருந்தோ ஓர் அட்டை வரும். புதிதாகச் சேர்ந்தவர் ஒரே சமயத்தில் ஐந்து அட்டைகளை மட்டுமே வழியில் வைத்திருக்கலாம். அவை போய்ச் சேரச் சேரத்தான் மேலும் அனுப்ப முடியும். எழுதுகிறவர் காட்டும் உற்சாகம் எவ்வளவாயினும், அவருடைய அடுத்த அட்டையின் காலம் முந்தின அட்டையின் பிரயாணத்தைப் பொறுத்ததே ஆகையால், தாமதம் என்பது இவர்களுக்கு வெறும் அசௌகரியமாக நிற்பதில்லை. சங்கிலி முழுவதையுமே அது நிறுத்திவிடுகிறது.

செஞ்சிக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தூரத்தில், அங்காளபரமேசுவரி அம்மன் சந்நிதியால் தமிழ்நாடெங்கும் பெயர் பெற்ற மேல்மலையனூரிலிருந்து ஒருவர் ஓர் அட்டையைத் தபால் பெட்டியில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்நாட்டுக்கு ஐம்பது காசில் செல்லும் கார்டு இதற்கு உதவாது. வெளிநாட்டுக் கட்டணத்துக்குரிய தபால் தலைகளை ஒட்டியாக வேண்டும். பெட்டியிலிருந்து எடுக்கப்பட்ட அட்டை தரம்பிரிப்பு நிலையத்தை அடைந்து, வெளிநாட்டுத் தபால்களைத் திரட்டி அனுப்பும் அலுவலகம் உள்ள பெருநகரத்துக்குச் செல்கிறது. அங்கே நாடு வாரியாகப் பிரித்துப் பையில் கட்டப்பட்டு, விமானத்தில் இடம் கிடைத்ததும் புறப்படுகிறது. அயல்நாட்டில் இறங்கிச் சுங்கச் சோதனையைக் கடந்து, அந்நாட்டுத் தரம்பிரிப்பு யந்திரத்துக்குள் புகுந்து, கடைசியில் ஒரு தபால்காரருடைய பையில் விழுகிறது. இத்தனை கட்டங்களில் ஆகாயத்தில் கழிவது ஒரு நாளுக்கும் குறைவே. அமாவாசை இரவில் அம்மனின் ஊஞ்சல் உற்சவத்தைத் தரிசித்துவிட்டு ஊர் திரும்பும் பக்தர், பேருந்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிடப் பேருந்துக்காக நிற்கும் நேரமே அதிகமாக இருப்பதுபோல, அட்டையின் காலமெல்லாம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் இடங்களிலேயே கழிகிறது.

அந்த இடங்களில் அட்டைக்கு நேரும் கதி என்ன என்பதுதான் விஷயம். பதிவுத் தபாலுக்கும் துரிதத் தபாலுக்கும் எண் உண்டு, ரசீது உண்டு, கேள்வி கேட்க ஓர் ஆதாரம் உண்டு; சாதாரண அட்டைக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. போஸ்ட்கிராஸிங் கொடுக்கும் அடையாள எண் அபிமானிகளுக்குள் வழங்குவதேயன்றித் தபால் இலாகாவுக்கு அது பொருளற்ற ஓர் எழுத்துக் கோவைதான். மேலும், இந்தியாவிலிருந்து அதிகத் தபால் செல்லும் நாடுகளுக்கு நேரே கட்டப்பட்ட பைகள் போகும். எஸ்டோனியா, உருகுவே போன்ற சிறிய நாடுகளுக்கு ஒரு பை நிறையும் அளவுக்குக் கடிதம் சேராவிட்டால், அவற்றை மூன்றாவது நாடு ஒன்றின் அலுவலகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து பிரித்து அனுப்பச் செய்யும் வழக்கமும் உண்டு. இந்த இடைவழி நாட்டில் அட்டை எத்தனை நாள் தங்கும் என்று அனுப்பியவராலும் சொல்ல முடியாது, பெறுகிறவராலும் சொல்ல முடியாது. அபூர்வமான நாடுகளிலிருந்து அட்டை பெற விரும்புவதே இவர்களுடைய இயல்பாக இருக்க, அபூர்வமான நாட்டுக்குத்தான் பாதையும் வளைந்து செல்கிறது.

ஒரு நாட்டுக் கடிதத்தை மற்றொரு நாடு ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்விக்கு மனித சமூகம் கண்ட விடை மிகவும் உயர்ந்தது என்றே சொல்வேன். 1874ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையால் பிறந்த சர்வதேசத் தபால் சங்கம், அங்கத்தினரான நாடுகள் யாவும் கடிதப் போக்குவரத்தைப் பொறுத்த மட்டில் ஒரே பிரதேசம் என்று பிரகடனம் செய்தது. வழியிலுள்ள எந்த நாடும் பிறருடைய கடிதத்தைத் தடுக்காமல் கடத்திவிட வேண்டும் என்பதும், தலைக்காசை அனுப்பும் நாடே வைத்துக்கொள்ளலாம் என்பதும் அன்று வகுத்த நெறிகள். கடிதம் பெற்றவர் பதில் எழுதுவார், ஆகவே கணக்கு நேராகிவிடும் என்ற நம்பிக்கை அதற்குள் இருந்தது. அந்தச் சமநிலை நிலைக்கவில்லை. தாம் அனுப்புவதைவிட அதிகமாகப் பெறும் நாடுகள் பட்டுவாடாவுக்கான செலவைக் கேட்கவே, 1969ஆம் ஆண்டு டோக்கியோ மாநாட்டில் நாடுகளுக்கிடையே கட்டணம் செலுத்திக்கொள்ளும் முறை ஏற்கப்பட்டது. இந்தியா 1876ஆம் ஆண்டிலேயே சங்கத்தில் சேர்ந்துவிட்டது. கால் அணாத் தபால் கார்டு நம் நாட்டில் வந்தது 1879 ஜூலை மாதத்தில்.

அதற்கு முற்பட்ட காலத்தை நினைத்துப் பார்த்தால் இன்றைய தாமதத்தின் அளவு விளங்கும். முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுக் கிடந்த செஞ்சிக் கோட்டைக்குள் இருந்துகொண்டுதான் சிவாஜியின் மகன் ராஜாராம், தொலைவிலிருந்த மகாராஷ்டிரத்தின் காரியங்களைத் தூதர்களின் வாயிலாக நடத்திவந்தார். அடுத்த நூற்றாண்டில் புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்த தினசரியைப் புரட்டினால், கப்பல் வந்து கடிதம் இறங்கிய நாட்கள் எவ்வளவு பெரிய நிகழ்ச்சிகளாக இருந்தன என்பது தெரியவரும். பிறகு 1911 பிப்ரவரி 18ஆம் தேதி அலகாபாதிலிருந்து யமுனையைக் கடந்து நைனிக்கு ஆன்ரி பெக்கே ஓட்டிய விமானம், அரசாங்க அங்கீகாரத்துடன் தபால் சுமந்த உலகின் முதல் விமானமாயிற்று. 1932 அக்டோபர் 15ஆம் தேதி டாட்டாக்களின் விமானத் தபால் கராச்சியில் கிளம்பிப் பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னை வரை வந்தது. இவ்வாறு தலைமுறை தலைமுறையாகச் சுருங்கிக்கொண்டே வந்த காலம், நம் நாளில் மறுபடியும் நீளத் தொடங்கியிருப்பதுதான் வருத்தத்துக்குரியது.

2025ஆம் ஆண்டின் அமெரிக்கத் தடையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். எண்ணூறு டாலர் வரை மதிப்புள்ள சிறு சரக்குகளுக்கு அந்நாடு அளித்துவந்த தீர்வை விலக்கு ஆகஸ்டு 29 முதல் இல்லை என்று ஜூலை 30இல் அதன் ஜனாதிபதி உத்தரவிட்டார். தபாலில் வரும் பொருளுக்கும் தீர்வையை வசூலித்துச் செலுத்தும் பொறுப்பு, சுமந்துவரும் விமானக் கம்பெனிகளின்மீதோ அமெரிக்கச் சுங்க இலாகா அங்கீகரித்த பிறர்மீதோ விழுந்தது. யார் வசூலிப்பது, எப்படிச் செலுத்துவது என்ற விதிகள் தெளிவாவதற்கு முன்பே தேதி நெருங்கிவிட்டபடியால், விமானக் கம்பெனிகள் அமெரிக்கத் தபாலை ஏற்கத் தயங்கின. கடிதங்களுக்கும் தஸ்தாவேஜுகளுக்கும் நூறு டாலர் வரையுள்ள அன்பளிப்புகளுக்கும் தீர்வை இல்லையென்பதால் இந்தியத் தபால் இலாகா முதலில் இவற்றை மட்டும் ஏற்றது. ஏற்றிச் செல்ல ஆள் இல்லாமையால் சில தினங்களில் இவற்றையும் நிறுத்தியது. எண்பத்தெட்டு தபால் நிர்வாகங்கள் அமெரிக்க சேவையை முழுவதுமாகவோ பகுதியாகவோ நிறுத்தியிருந்தன என்றும், அந்நாட்டுக்குச் செல்லும் தபால் ஒரு வாரத்துக்குள் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்றும் சர்வதேசத் தபால் சங்கம் அறிவித்தது. அக்டோபர் 15ஆம் தேதிதான் நம் நாட்டிலிருந்து எல்லா வகைத் தபாலும் மறுபடியும் புறப்பட்டது.

ஒரு பைசாத் தீர்வைக்கும் உரியதல்லாத அட்டை, வியாபாரச் சரக்கின்மீது எழுந்த வழக்கில் அகப்பட்டு அப்படி நின்றது எனக்கு நியாயமாகப் படவில்லை. பதிவு செய்து அனுப்பி, சேர முடியாமல் நின்ற உருப்படிகளுக்குக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று இலாகா அறிவித்தது. அது முறையான செயலே. ஆனால் தலை ஒட்டிப் பெட்டியில் போடப்பட்ட அட்டைக்கு ரசீது ஏது? கேட்டுப் பெறத்தான் வழி ஏது? சரக்குப் பையும் கடிதப் பையும் ஆரம்பத்திலேயே தனித்தனிப் பாதையில் பிரிந்து, ஒன்றுக்கு நேரும் தடை மற்றொன்றைத் தொடாதபடி நாடுகள் ஏற்பாடு செய்துகொள்வதே 1874இன் உடன்படிக்கைக்கு உகந்த காரியம்.

இது ஒரு நாட்டோடு நிற்கும் சங்கடமும் அன்று. பெருந்தொற்றின்போது 2020 மார்ச் 23 முதல் வாடிக்கையான பன்னாட்டுப் பயணி விமானங்கள் இந்தியாவுக்கு வராமற்போய், ஈராண்டுகள் கழித்து 2022 மார்ச் 27இல்தான் பழைய நிலை திரும்பியது. பயணிகளின் பெட்டி படுக்கைகளோடு விமானத்தின் வயிற்றில் ஏறிச் செல்வதே தபால் பையின் வழக்கமாகையால், பயணி இல்லாத இடத்தில் கடிதத்துக்கும் இடம் சுருங்கிற்று. 2023 ஜனவரியில் பிரிட்டனின் ராயல் மெயில் கணினித் தாக்குதலுக்கு ஆளாகி வெளிநாட்டுத் தபாலைச் சில வாரம் ஏற்க முடியாமல் தவித்தது. 2024 நவம்பர் 15 முதல் டிசம்பர் 17 வரை கனடாவில் தபால் வேலைநிறுத்தம். 2025 மே மாதத்தில் பாகிஸ்தானிலிருந்து வரும் தபாலை ஏற்பதை இந்தியா நிறுத்திற்று. ஜெர்மனியில் அதே ஆண்டு முதல், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கடிதங்களை மூன்றாம் வேலை நாளில் சேர்த்தால் போதும் என்று சட்டமே தளர்ந்திருக்கிறது. டென்மார்க்கின் தபால் நிர்வாகமோ நானூறு ஆண்டுப் பழக்கத்தைக் கைவிட்டு, 2025 டிசம்பர் 30ஆம் தேதியோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட, அவ்வேலை தனியார் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. கடிதம் குறையக் குறையப் பட்டுவாடாவின் செலவு ஏறுகிறது. செலவு ஏற ஏற நாட்கள் கூடுகின்றன. நாட்கள் கூடக் கூட எழுதுவோர் மேலும் குறைகின்றனர்.

இதன் சுமை எல்லா அபிமானிகள்மீதும் ஒரே அளவாக விழுவதில்லை. ஜெர்மனியில் இருப்பவர் தன் நாட்டுக்குள்ளும் அண்டை நாடுகளுக்குள்ளும் விரைவாகச் சேரும் அட்டைகள் பல அனுப்பிக் கணக்கை உயர்த்திக்கொள்வார். மேல்மலையனூரிலுள்ள ஒரு பள்ளி ஆசிரியையோ மாணவரோ தம் ஐந்து அட்டைகளையும் கடல் கடத்திவிட்டு மாதக்கணக்காகக் காத்திருக்க நேரும். அறுபது நாள் கடந்த அட்டை காலாவதியானதாகக் கருதப்பட்டு அந்த ஐந்தின் கணக்கிலிருந்து நீங்குவதால் வேறு விலாசம் கேட்கலாம் என்பது ஓர் ஆறுதல். ஆயினும் அது தொலைந்தது என்ற எண்ணம் உண்டாகி, எழுதுகிற ஊக்கமே தளர்ந்துபோவதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. காணவே போகாத ஒருவருக்காகச் செஞ்சியின் கல்யாண மகாலைப் பற்றி நாலு வரி யோசித்து எழுதும் பழக்கம், ஒரு சிற்றூர்ப் பிள்ளைக்கு எத்தனையோ பாடப் புத்தகங்கள் தராத தெளிவைத் தரக்கூடியது. அந்தப் பழக்கம் தாமதத்தால் கருகுவதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தோன்றுகிறது.

தபால் இலாகா இதில் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்த நாட்டுக்கு இப்போது தபால் போகவில்லை என்பதை, தலைநகரத்து அறிக்கைகளோடு நிறுத்தாமல், சிறு அஞ்சலகங்களின் அறிவிப்புப் பலகையிலும் தமிழில் எழுதிவைத்தால், வீணாகத் தலை ஒட்டிப் பெட்டியில் போடும் பிழை பலருக்கு நேராது.

எழுதுகிறவர் பங்குக்கும் சில உண்டு. போகும் அட்டையில் நாட்டின் பெயரைக் கடைசி வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தனியே எழுத வேண்டும். யந்திரம் கோடு அச்சிடும் கீழ் ஓரத்தைக் காலியாக விட வேண்டும். வரும் அட்டைக்குத் தரும் விலாசத்தில் மேல்மலையனூர் என்ற பெயரை அயல்நாட்டார் எப்படிப் பிழையாக எழுதினாலும், இந்தியா என்ற சொல்லும் 604204 என்ற பின்கோடும் தெளிவாக இருந்தால் அது பெரும்பாலும் ஊர் வந்து சேர்ந்துவிடும். கிறிஸ்துமஸ் நெருக்கடிக்கு முன்பாகவே, நவம்பர் தொடக்கத்தில், ஆண்டு முடிவுக்குரிய வாழ்த்துகளை அனுப்பிவிடுவது நல்லது. அட்டையின் அடையாள எண்ணை, மழையில் மை கரைந்தாலும் முத்திரை மேலே விழுந்தாலும் ஓரிடத்திலாவது வாசிக்கக் கிடைக்கும்படி, இரண்டு இடங்களில் எழுதி, எழுதிய தேதியையும் சேர்க்க வேண்டும். ஏனெனில் அறுபது நாளில் காலாவதியான அட்டையையும், அனுப்பிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் எப்போது கிடைத்தாலும், பெற்றவர் பதிவு செய்யலாம்.